பிந்தி வருகிற காசு

2025 பெப்ரவரியில் வரவு செலவுத் திட்டம் வாசித்த அன்று பின்னேரம், என் கடையில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே விஷயத்தைத்தான் கதைத்தார்கள். பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கு மாதா மாதம் கிடைக்கிற மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகிறது, மகாபொல கிடைக்காதவர்களில் கஷ்டப்பட்ட பிள்ளைகளுக்கான பேர்சரி 4,000-இலிருந்து 6,500 ஆகிறது. நல்ல விஷயம் என்றார் ஒருவர். இன்னொருவர் விடவில்லை. பத்து வருடம் போல 5,000-இலேயே நின்றதே, இடையில் 2022-இல் பணவீக்கம் எழுபது வீதத்தைத் தொட்டதே, அதற்கு இந்த இரண்டாயிரத்து ஐந்நூறு எந்த மூலைக்கு என்று கேட்டார். மகனைக் கம்பஸுக்கு அனுப்பியிருக்கிற ஒரு தகப்பன் சோற்றுப் பார்சல் விக்கிற விலையைச் சொல்லிக் கணக்குப் பார்த்தார். மாதம் 7,500 என்று சொன்னாலும் வருடத்துக்குப் பத்துத் தவணைதான், ஆகவே 75,000. அதை 365-ஆல் பிரித்தால் நாளுக்கு இருநூற்றைந்து ரூபாய். ஒரு நேரச் சாப்பாடு முடியாது. எல்லாரும் சொன்னது சரிதான். இருந்தாலும் அந்தப் பேச்சில் ஏதோ விடுபட்டுப்போகிறது என்று எனக்கு அரித்துக்கொண்டே இருந்தது. என்னவென்று பிடிபட நாள் எடுத்தது. கதை முழுவதும் தொகையைப் பற்றியே போனது. அந்தத் தொகை எந்த மாதம் பிள்ளையின் கையில் கிடைக்கிறது என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

எனக்கு இருப்பது திருகோணமலை பஸ் நிலையத்திலிருந்து நடந்து வரக்கூடிய தூரத்தில் ஒரு சின்னக் கொமினிகேஷன். போட்டோக்கொப்பி, லமினேட்டிங், ரீலோட், ஒன்லைன் விண்ணப்பம். பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வெளியாகிற காலத்தில் மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, சேருவில என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள். பெரும்பாலும் அம்மாவோடு, சில நேரம் அண்ணனோடு. 2009-இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கொஞ்சம் முந்தி வருகிறார்கள். அதற்கு முன்பு ஆட்களை அக்கரை ஏற்றுகிற பாதைப் படகுக்காகக் காத்து நின்று, மத்தியானம் கடை சாத்துகிற நேரத்தில் வியர்த்துக்கொண்டு வருவார்கள். பிள்ளையின் பெயர், ஏ.எல் பரீட்சையில் எடுத்த இசற் புள்ளி, தெரிவான பாடநெறி எல்லாம் பதிந்து முடிந்ததும் அந்த அம்மாமார் கேட்கிற முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான். “மகாபொல கிடைக்குமா தம்பி?” கிடைக்கும் அம்மா என்று சொல்லி அனுப்புவேன். கிடைக்கவும்தான் செய்கிறது. எப்போது என்று யாராவது கேட்டிருந்தால் என் வாய் அடைத்திருக்கும்.

நம் நாட்டில் பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதை இதை வாசிக்கிற யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா 1945-இல் திறந்துவிட்ட வழி அது, அதன் அருமையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் விரிவுரைக்குக் காசில்லை என்பதற்காகத் தலையணைக்கும் வாளிக்கும் காசில்லாமல் போவதில்லை. முதல் மாதத்தில்தான் செலவு முழுவதும் வந்து குவிகிறது. போர்டிங் என்றால் மூன்று மாத அட்வான்ஸ், மெத்தை, மேசை விளக்கு, பழையதாவது ஒரு லப்டொப், ஊரில் உடுத்தியதை அங்கே உடுத்த முடியாது என்பதால் நாலு சோடி உடுப்பு, பஸ்ஸுக்கு, பதிவுக்கு. இரண்டாம் வருடம் மூன்றாம் வருடம் வரும்போது பிள்ளை எங்கே மலிவாகச் சாப்பிடலாம், யாரிடம் நோட்ஸ் வாங்கலாம், எந்த அறையை நாலு பேராகப் பகிரலாம் என்று கற்றுக்கொண்டுவிடும். முதல் அரையாண்டுதான் நெருப்பு. உதவிப் பணம் வராமல் இருப்பதும் அந்த அரையாண்டில்தான்.

ஏன் அப்படி என்று பிள்ளைகளிடமும் அவர்களுக்கு முந்திய பிள்ளைகளிடமும் விசாரித்து நானாகக் கோர்த்துக்கொண்டது இது. பல்கலைக்கழகத்துக்கு நாற்பதினாயிரத்துக்கு மேல் பிள்ளைகள் ஒரு வருடத்தில் சேர்கிறார்கள். அவர்களின் வருமான விபரமும் புள்ளியும் பார்த்து மகாபொலப் பட்டியல் தயாராக வேண்டும். அது வெளியாகி, அதில் பெயர் இல்லாதவர்களில் யாருக்குக் கஷ்டம் அதிகம் என்று பார்த்துத்தான் அந்தந்தப் பல்கலைக்கழகம் பேர்சரிக்கு ஆள் எடுக்கிறது. அதாவது முதல் வரிசை கலைந்த பிறகுதான் இரண்டாவது வரிசை தொடங்கும். பேர்சரிக்குப் போகிற பிள்ளை இரண்டு முறை காத்திருக்கிறது. மேன்முறையீடு செய்தால் மூன்று. பிறகு ஒரு நாள் மூன்று நாலு தவணை ஒன்றாகக் கணக்கில் விழும். அன்றைக்குப் பிள்ளைகள் போன் போட்டு “மாமா, வந்திட்டுது” என்று கத்துவார்கள். நானும் சந்தோஷப்படுவேன்.

கடலுக்குப் போகிறவரின் ஆண்டு வருமானம்

இந்த விண்ணப்பங்களில் எனக்குப் பிடிக்காத இடம் ஒன்று இருக்கிறது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் என்ற பெட்டி. அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு அது சுலபம், சம்பளப் பட்டியலைப் பார்த்து எழுதிவிடலாம். சுலபம் என்பதே அவர்களுக்கு வினை. ஒரு பாடசாலை ஆசிரியையின் சம்பளத்தில் வீட்டுக் கடன், இடர் கடன், கூட்டுறவுக் கடன் என்று வெட்டி, கையில் வருவது பாதிக்கும் குறைவாக இருக்கும். பெட்டி கேட்பது மொத்தத்தை. அவர் மகனுக்குக் கிடைக்காமல், மூன்று வள்ளம் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரின் மகனுக்குக் கிடைத்த கதை எல்லா ஊரிலும் உண்டு. அதைப் பற்றி வேறொரு நாள் சண்டை பிடிக்கலாம்.

எனக்கு நெருடுவது கடற்றொழிலாளிகளின் பெட்டி. நம் பக்கத்துக் கடல் மாசி பங்குனிக்குப் பிறகு திறந்து, புரட்டாதி வரை கொடுக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடை எழும்பினால் நிலாவெளியிலிருந்து சம்பூர் வரை வள்ளங்கள் கரையில் கவிழ்ந்து கிடக்கும். மார்கழி, தை எல்லாம் கடையில் கடனுக்கு அரிசி. ஆவணியில் ஒரே இரவில் எண்பதினாயிரத்துக்குப் பாரை பட்ட ஆளும், தை மாதத்தில் நூறு ரூபாய்க்கு ரீலோட் போட என்னிடம் கடன் சொன்ன ஆளும் ஒருவரே. அவரிடம் ஆண்டு வருமானம் கேட்டால் சிரிக்கிறார். கிராம சேவகரும் என்ன செய்வார், ஊர் வழக்கப்படி ஒரு தொகையை எழுதி, பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கச் சொல்லி அனுப்புகிறார். அந்தத் தொகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். வருடம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால் அப்படித்தான் வரும். ஆனால் அந்த வீட்டில் எந்த மாதம் காசிருக்கும், எந்த மாதம் இருக்காது என்பது அந்தத் தொகைக்குள் இல்லை. பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் கார்த்திகையில் தொடங்கினால் ஒரு கதை, சித்திரையில் தொடங்கினால் வேறு கதை. கொரோனாவுக்குப் பிறகு ஏ.எல் பரீட்சையே தை மாசி என்று தள்ளிப்போய், அதன் பின்னால் அனுமதியும் தள்ளிப்போய், எந்தப் பருவத்தில் பிள்ளை வீட்டைவிட்டுப் போகும் என்று தகப்பனால் திட்டமிடவே முடியாமல் போயிற்று.

அனுமதி வழங்கும்போது இதே அரசாங்கம் எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நாற்பது வீதம் நாடு முழுவதற்குமான திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டம், மீதி ஐந்து வீதம் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கு. அந்தப் பதினாறில் திருகோணமலையும் ஒன்று. இந்த மாவட்டத்துப் பிள்ளைக்கு ஒரு படி ஏற்றிவிட வேண்டும் என்று புள்ளிக் கணக்கில் தெரிகிறது. ஏறி உள்ளே போன பிறகு முதல் ஆறு மாதத்தை அது எப்படிக் கடக்கும் என்ற கேள்வி வரும்போது மட்டும் எல்லா மாவட்டமும் ஒன்றாகிவிடுகிறது.

நாற்பது ரூபாய் டிக்கெட்

எங்கள் வீதியில் சைக்கிளில் பெட்டி கட்டி லொத்தர் விற்கிற ஒருவர் இருக்கிறார். வெயில் ஏறினால் என் கடை வாசலில் ஒதுங்குவார். சூதாட்டம் என்று யாராவது முகம் சுழித்தால் அவருக்குக் கோபம் வரும். “இது பிள்ளைகளின்ர படிப்புக் காசு, தெரியுமோ?” என்பார். அவர் சொல்வது பாதி சரி. அவர் பெட்டியில் இரண்டு சபைகளின் டிக்கெட்டும் இருக்கும். அதில் அபிவிருத்தி லொத்தர் சபையின் டிக்கெட்டுகளில் வருகிற வருமானத்தில் ஒரு பங்குதான் மகாபொல நிதியத்துக்குப் போகிறது. லலித் அத்துலத்முதலி வர்த்தக அமைச்சராக இருந்தபோது, ஊர் ஊராக நடத்திய மகாபொலச் சந்தைக் கண்காட்சிகளின் வருமானத்தையும் லொத்தரையும் வைத்துக் கட்டிய ஏற்பாடு அது. 1981-இல் அதற்கென்று சட்டம் வந்தது. வரிப் பணம் ஒரு வருடம் கூடும், ஒரு வருடம் குறையும். மாணவர்களின் காசு அதோடு ஏறி இறங்கக்கூடாது, அதற்குத் தனியாக ஒரு ஊற்று வேண்டும் என்று அன்றைக்கே ஒருவர் யோசித்திருக்கிறார். அவருடைய அரசியலில் எனக்கு உடன்படாதது நிறைய. இந்த யோசனைக்குத் தலை வணங்குகிறேன்.

அந்த டிக்கெட்டை யார் வாங்குகிறார்கள் என்று வாசலில் இருந்தே பார்க்கிறேன். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவர், ஓட்டோ ஓட்டுகிறவர், துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவர், ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டு பஸ்ஸுக்கு நிற்கிற கிழவர். 2023-இல் இருபது ரூபாய் டிக்கெட்டை நாற்பது ஆக்கினார்கள். இரண்டு எடுக்கிறவர் ஒன்றாகக் குறைத்தாரே தவிர விடவில்லை. ஆக, ஏழையின் பிள்ளைக்குக் கொடுக்கிற பணத்தின் ஒரு பகுதியை ஏழைகளே கோடீஸ்வரனாகும் ஆசையில் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இது நியாயமா என்று கேட்டால் எனக்கு நேராகப் பதில் இல்லை. பெரிய சம்பளக்காரர் ஒருவரும் நின்று டிக்கெட் வாங்கி நான் கண்டதில்லை. ஆனால் ஒன்று: அந்தக் காசு ஒவ்வொரு நாளும் வருகிறது. சீட்டிழுப்பு நடக்காத நாள் அபூர்வம். விற்பவர் மறு நாளே முகவருக்குக் கணக்குக் கொடுத்தாக வேண்டும், ஒரு நாள் பிந்தினால் அடுத்த நாள் பெட்டிக்கு டிக்கெட் இல்லை. நாற்பது ரூபாய் கையைவிட்டுப் போகும்போது இத்தனை கண்டிப்பு. அதே காசு பிள்ளையை நோக்கித் திரும்பி வரும்போது லொத்தர் சபை, திறைசேரி, நிதியம், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு, பல்கலைக்கழகத்தின் நலச் சேவைப் பிரிவு, வங்கி என்று படி ஏறி இறங்க வேண்டும். தவணையில் ஒரு பகுதி நிதியத்தின் பணம், மறு பகுதி அரசாங்கத்தின் பணம். பேர்சரி முழுவதும் அரசாங்கத்தின் பணம். எந்தப் படியில் எத்தனை நாள் நின்றது என்று கடைசிப் படியில் நிற்கிற பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. 

அடைவுச் சீட்டு

இத்தனையும் எனக்கு முன்பே கொஞ்சம் கொஞ்சம் தெரியும். தெரிந்தும், தாமதம் என்பது ஒரு கரைச்சல், அலுவலகங்களின் வழமை, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்றுதான் எடுத்து வைத்திருந்தேன். அந்த எண்ணத்தை மாற்றியது ஒரு போட்டோக்கொப்பி.

சம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். அவர் மகளுக்கு விண்ணப்பம் போட்டது என் கடையில்தான். 2006-இல் போரில் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி முகாமில் வருடக்கணக்கில் இருந்து, காணியை விடுவித்த பிறகு திரும்பிப் போன குடும்பம். ஊரைவிட்டு ஓடும்போது கைக்குழந்தையாக இருந்த பிள்ளை இப்போது வெளி மாவட்டம் ஒன்றில் படிக்கிறாள். அம்மா ஒரு துண்டை நீட்டினார். “தம்பி, இதுல ரெண்டு கொப்பி எடுத்துத் தாங்க. எழுத்து அழிஞ்சுகொண்டு போகுது.” அடைவு வைத்த ரசீது. மெஷினில் அடிக்கிற அந்த மெல்லிய தாள் வெயிலில் இருந்தாலும் அழியும், பிளாஸ்டிக் உறையில் வைத்தாலும் அழியும். கண்ணாடியில் வைத்து, இருட்டைக் கூட்டி அடித்தேன். அழிந்துகொண்டிருந்த எழுத்துகள் கொப்பியில் தெளிவாக விழுந்தன. முக்கால் பவுன் சங்கிலி ஒன்று. 120,000 ரூபாய். வருட வட்டி 15 வீதம். திகதியைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கிழமை ஞாபகம் வந்தது. அவர் மகளும் அவரும் பதிவுக்கான தாள்களை என்னிடம் அடித்துக்கொண்டு போன கிழமை.

“மீட்கப் போறீங்களா அம்மா?” என்று கேட்டேன். “பேர்சரி வந்தாத்தான். பட்டியல்ல பேர் இருக்காம், காசு இன்னும் போடேல்லயாம்.” ரசீதின் திகதியிலிருந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் முகத்தில் குறை சொல்கிற பாவனை ஒன்றும் இல்லை. பட்டியலில் பெயர் வந்ததே பெரிய விஷயம் என்ற திருப்திதான். அவர் போன பிறகு வீணாய்ப்போன ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு 15 வீதம் என்றால் வருடத்துக்கு 18,000. எட்டு மாதத்துக்கு 12,000. அந்தப் பிள்ளை எடுபட்ட பேர்சரியின் தவணை அப்போது 6,500. முதல் இரண்டு தவணையும் ஏறக்குறைய வட்டிக்கே சரி. வருடத்தின் பத்துத் தவணையையும் சேர்த்தால் 65,000, அதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு அடைவுகடைக்குப் போகிறது. 4,000-ஐ 6,500 ஆக்கி அரசாங்கம் வருடத்துக்குக் கூட்டிக் கொடுத்தது 25,000. அதில் பாதி இப்படிப் போயிற்று.

நான் இந்த இடத்தில்தான் நின்றுவிட்டேன். எட்டு மாதமும் அந்தப் பிள்ளையைப் படிப்பித்தது சங்கிலி. பிறகு அரசாங்கத்தின் காசு வந்து சங்கிலியை மீட்கும், வட்டியை வீட்டுக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்திரிகையில் உதவித்தொகை என்று அச்சாகிற எண்ணில் இந்த வட்டி கழிபடுவதே இல்லை. எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவுக்குத் தொகை குறைகிறது, யாரும் கையெழுத்து வைக்காமலே.

அதுவும் முக்கால் பவுன் இருக்கிற வீட்டில். சங்கிலி இல்லாத வீடுகள் என்ன செய்கின்றன என்று அதற்குப் பிறகுதான் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். சிலர் சீட்டில் முந்திக் கழித்து எடுக்கிறார்கள். சிலர் கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கிற குழுக்கடனில் கையெழுத்து வைக்கிறார்கள். அதன் வட்டிக்குப் பக்கத்தில் அடைவு வட்டி புண்ணியம். சில வீடுகளில் பிள்ளையே வேலைக்குப் போகிறது. ஒரு பையன், தகப்பன் இல்லை, படிக்கிற ஊரிலேயே உடுப்புக் கடை ஒன்றில் நிற்கிறான். சனி ஞாயிறு என்றுதான் சேர்ந்தான். பண்டிகைக் காலத்தில் கிழமை நாளிலும் வரச் சொன்னார்கள். விரிவுரை வரவு குறைந்தது. எண்பது வீத வரவு இல்லாவிட்டால் தவணை நிற்கும். காசு வராததால் வேலைக்குப் போய், வேலைக்குப் போனதால் காசு வராமல் போகிற நிலை. அவனுடைய சோம்பேறித்தனம் என்று பதிவேட்டைப் பார்க்கிறவருக்குத் தோன்றலாம். பதிவேட்டில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்காது.

இதற்குத் தொகையைக் கூட்டுவது மருந்தா? கூட்ட வேண்டும்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 7,500-ஐப் பத்தாயிரம் ஆக்கி எட்டு மாதம் கழித்துக் கொடுப்பதா, 7,500-ஐயே பதிவு செய்த கிழமையில் கொடுப்பதா என்று என்னிடம் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் மூன்று தவணையைப் பதிவு நாளிலேயே ஒன்றாகப் போட்டால் 22,500. போர்டிங் அட்வான்ஸ் முடிந்துவிடும். சங்கிலி அடைவுக்குப் போனாலும் குறைந்த தொகைக்குப் போகும். விண்ணப்பத்திலேயே வருமான விபரம் இருக்கிறது, கிராம சேவகரின் கையெழுத்து இருக்கிறது, பிரதேச செயலகத்தின் முத்திரை இருக்கிறது. தெளிவாகவே மிகக் குறைந்த வருமானம் உள்ள வீடுகளை முதலில் பிரித்தெடுக்க முழுப் பட்டியலும் முடியும்வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்?

இதை நான் யாரிடம் சொன்னாலும் ஓம் என்று தலையாட்டினார்கள், ஒருவரைத் தவிர. உவர்மலையில் இருக்கிற, கச்சேரி என்கிற மாவட்டச் செயலகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர். பென்ஷன் தாள்களை என்னிடம்தான் அடிப்பார். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு ஒழுங்காக மறுத்தார். “தம்பி, அரசாங்கக் காசு. தகுதி பார்க்காமல் முந்திக் கொடுத்துவிட்டு, பிறகு இவனுக்கு இல்லை என்று தெரிந்தால் யாரிடம் போய் வாங்குவது? கணக்காய்வில் யார் பதில் சொல்வது? கொடுத்த உத்தியோகத்தரின்ர தலைதான் உருளும்.” அதைத் தட்டிவிட முடியாது. தாமதத்தின் அடியில் இருக்கிற பயம் அதுதான். பிந்திக் கொடுத்ததற்காக இந்த நாட்டில் எந்த உத்தியோகத்தரிடமும் விளக்கம் கேட்டதாக நான் அறியேன். பிழையாகக் கொடுத்தால் கேட்பார்கள். அப்படியிருக்க, அந்தக் கதிரையில் நான் இருந்தாலும் பிந்தத்தான் செய்வேன்.

“ஐயா, விழா முற்பணம் எடுத்திருக்கிறீங்களா?” என்று கேட்டேன். ஒவ்வொரு சித்திரைக்கும் எடுத்திருக்கிறார், அதற்கென்ன என்றார். அரசாங்க உத்தியோகத்தர் எல்லாருக்கும் பண்டிகைக்கு முன்னால் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, பிறகு மாதா மாதம் சம்பளத்தில் வெட்டுகிற வழக்கம் காலம் காலமாக இருக்கிறது. பண்டிகைச் செலவு முந்தி வரும், சம்பளம் பிந்தி வரும் என்பது அரசாங்கத்துக்குத் தெரிந்ததால்தானே? “அதே புத்தியைப் பிள்ளைகளுக்கும் பாவிக்கச் சொல்லுறன். மகாபொலவோ பேர்சரியோ எது கிடைத்தாலும் அதில் வெட்டலாம். ரெண்டும் கிடைக்காத பிள்ளையிடம் படித்து முடிந்த பிறகு வாங்கலாம். வட்டியில்லாக் கடன் கொடுத்து அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு வெளியில் பட்டம் படிப்பிக்கிற திட்டம் 2017-இல் இருந்து இருக்குத்தானே, அதில் திருப்பி வாங்க வழி தெரிந்தவர்களுக்கு இது தெரியாதா?”

அவர் கொஞ்ச நேரம் பென்ஷன் தாளை மடித்து மடித்து விரித்தார். “சம்பளக்காரன்ர சம்பளம் எங்கட கையில இருக்கு, வெட்டலாம். பிள்ளையின்ர என்ன இருக்கு எங்கட கையில?” என்றார். பட்டச் சான்றிதழ் இருக்கிறதே என்றேன். அதைப் பிடித்து வைப்பது அநியாயம் என்று அவரே எனக்கு எதிராகத் திரும்பினார்! சரி, அது எனக்கும் பிடிக்கவில்லைதான், விட்டுவிடுவோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மூன்று தவணை அளவுக்கு ஒரு பிள்ளை திருப்பித் தராமல் போனால் போகட்டும், ஒரு லட்சத்து இருபதினாயிரத்துக்கு வட்டி கட்டுகிற வீடுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் அது எத்தனை பேர் இருக்கும் என்று நான் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஆனால் கடைசியில் உத்தியோகத்தர் புத்தி வேலை செய்தது. “எழுதி எடு தம்பி. கோரிக்கையைச் சுருக்கமாக எழுது. முற்பணம் என்று போடு, சலுகை என்று போடாதே. நானும் கையெழுத்து வைக்கிறன். யாருக்கு அனுப்பப் போறாய்?”

அதுதான் கேள்வி. நிதியத்தின் அறங்காவலர் சபைக்குத் தலைவர் பிரதம நீதியரசர். பட்டியல் தயாராகிற இடம் ஆணைக்குழு. காசை விடுவிக்கிற இடம் திறைசேரி. ஒருவருக்கு எழுதினால் அது மற்றவரின் விஷயம் என்று பதில் வரும் என்றார் ஐயா, முப்பது வருடம் அப்படிப் பதில் எழுதியவர் சொன்னால் நம்பத்தான் வேண்டும். ஆகவே மூவருக்கும் ஒரே கடிதம், ஒவ்வொன்றின் அடியிலும் மற்ற இருவருக்கும் பிரதி அனுப்பியிருப்பதாக ஒரு வரி. பதிவுத் தபாலுக்கு அவர் காசு கொடுத்தார். கொப்பிக்குக் காசில்லை, மெஷின் என்னுடையது.